நான்காவது கிளிப்

நான்காவது கிளிப்பை ஒற்றைக் கையால் போட முடியாது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் அவரைச் செய்ய விட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், பாவம் அந்த மனுஷன் என்று அவருக்காக உச்சுக்கொட்டுவார்கள். எனக்காக ஒருத்தரும் கொட்ட மாட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சும் வந்தது, வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுவது போல. கை மட்டும் வரவே இல்லை. தோளிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

அவருடைய பிக்கப் நாலு மாதம் வாசலில் நின்றது. விற்றுவிடு என்று அவருடைய அண்ணன்மார் வந்து சொன்னார்கள். நான் இங்கே வேங்கிக்காலிலேயே ஒரு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு அதை எடுத்தேன். கேன் தண்ணீர் போடுகிற தொழில். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றியிருக்கிற விடுதிகள், காபிக் கடைகள், வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் எடுத்திருக்கும் வீடுகள் எல்லாம் நம்முடைய வாடிக்கை. நானே ஓட்டுவேன், நானே தோளில் வைத்து மாடி ஏற்றுவேன். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரம்மா நான் கேனோடு படியேறுவதைப் பார்த்து உருகிப்போய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையால் கேனை ஒரு பக்கம் பிடித்திருக்கலாம்.

முதல் நாள் வண்டியை வெளியே எடுக்கும்போது கேட் தூணில் உரசிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே. பேச்சே சரியாக வராத நாட்கள் அவை. பேச வராத வாய்க்கு அதற்கு மட்டும் தெம்பு இருந்தது.

அவர் நன்றாக இருந்த காலத்தில் அந்த வண்டியை நான் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதுதான் சரி. முன்னால் சாமி படம் இருக்கும், அதற்குத் தினம் பூ, வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். மாதத்தில் மூன்று நாள் நான் வண்டிப் பக்கமே போகக்கூடாது, துடைக்கிற துணியைக்கூட எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஒருமுறை செங்கம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். வழியில் எனக்கு வயிறு இழுத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அவரிடம் சொல்லிவிட்டேன். உடனே வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எறங்கு. பஸ்ல வா. வண்டியில சாமி இருக்குது."

உச்சி வெயில். தாம்பூலப் பையும் கையுமாக ரோட்டில் நின்றேன். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அவர் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகு நான் போய்ச் சேர்ந்தேன்.

"இன்னா இவ்ளோ லேட்டு?" என்று கேட்டார். காபி வேண்டுமாம்.

இதற்கெல்லாம் அழுதவள் இல்லை நான். அழுகிற ஜாதி வேறு. நான் மனசில் வைத்துக்கொள்கிறவள். ஒன்றை மட்டும் அதிகமாக வைத்துக்கொண்டேன். அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தண்ணி என்பார், சோறு என்பார், சட்ட என்பார். பொருளின் பேரைச் சொன்னால் அது வந்துவிட வேண்டும். கை விழுந்த பிறகும் அதே கதைதான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பார், நான் பட்டன் போட வேண்டும். காலை நீட்டுவார், நான் செருப்பை மாட்ட வேண்டும். இருபத்து நாலு வருஷத்தில் 'கொஞ்சம் கை குடு' என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. அது ஒரே ஒரு தடவை வரவேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் புடவை மேலும் நகை மேலும் வருகிற மாதிரி எனக்கு அதன்மேல் வந்தது.

நான் வண்டி எடுத்த பிறகு வந்த முதல் அமாவாசையில் அவர் வழக்கம்போலக் குங்குமத் தட்டோடு வெளியே வந்தார். இடது கையில் தட்டு. அதைப் பானெட் மேல் வைத்துவிட்டு, அதே கையால் குங்குமத்தைத் தொட்டார்.

"பீச்சாங்கையால பொட்டு வெக்காத," என்றேன். "நாளைக்கு எங்கனா போயி மோதினன்னா?"

அவர் விரலைப் பார்த்தார். அதிலிருந்த குங்குமத்தைத் தட்டின் ஓரத்திலேயே வழித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பூசை என்னுடையதாயிற்று. பானெட் சூட்டில் குங்குமம் காய்ந்து உதிர்வதற்குள் எனக்குக் கோபம் தீர்ந்துவிடும் என்று பார்த்தேன். தீரவில்லை, இன்னும் கொஞ்சம் வேண்டும்போல இருந்தது.

நான் இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு வண்டி இழுக்காமல் போயிற்று. லோடோடு ரயில்வே மேம்பாலம் ஏறினால் மூச்சு வாங்கும், பின்னால் கரும்புகை விடும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கேட்டவுடனே சொல்லிவிட்டார்.

"ஏர் ஃபில்டர் அடச்சிகினு இருக்கும்க்கா. இந்த ரோட்டுப் புழுதிக்கு வேற இன்னா ஆவும்? இதுக்குப் போயி மெக்கானிக் எதுக்கு? நாலே நாலு கிளிப்பு. தொறந்து பழச எடுத்துட்டு புதுச வெச்சி மூடு, முடிஞ்சிது."

புது ஃபில்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலமே பானெட்டைத் தூக்கி, இன்ஜினுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளைத் திறந்து பார்த்தேன். முன்னால் இருந்த மூன்றும் விரலால் தட்டினால் திறந்தன, தட்டினால் மூடின. நான்காவது பின்பக்கம் இருந்தது. பழைய கம்பி, முரண்டு பிடித்தது. ஒரு உள்ளங்கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிளிப்பை இழுத்து மாட்ட வேண்டும். அழுத்துகிற கையை எடுத்தால் மூடி எழும்பிவிடும், கிளிப் ஏறாது. இரண்டு கையும் வேண்டும். இதைப் புரிந்துகொண்ட அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஃபில்டரை மாற்றாமல் பழையபடியே மூடி, பானெட்டை இறக்கிவிட்டு வந்து சாதம் வடித்தேன்.

சாப்பிடும்போது ஃபில்டர் டப்பாவை அவர் முன்னால் வைத்தேன்.

"மெக்கானிக்க வரச் சொல்லட்டா?" என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரியும்.

"நா மாத்தறன்," என்றார். முகத்தில் ரத்தம் ஓடியது. கை விழுந்த பிறகு அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக ரோடுகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் பௌர்ணமிக்கு முதல் நாளே எல்லா இடத்துக்கும் கேன் இறக்கிவிடுவேன். அன்று வண்டிக்கு ஓய்வு. விடிந்ததும் அவரே குளித்தார். நெற்றி நிறைய விபூதி. பீரோவின் அடியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டி, பட்டனையும் தானே போட்டிருந்தார். ஒன்று ஏறி ஒன்று இறங்கி, காலர் ஒரு பக்கம் கழுத்தில் குத்திக்கொண்டு நின்றது. நான் சரிசெய்யவில்லை. நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு, டம்ளர் நிறைய டீயோடு உட்கார்ந்தேன். சினிமாவுக்குப் போனால்கூட அவ்வளவு வசதியாக உட்கார்ந்ததில்லை.

முதலில் பானெட். இடது கையால் தூக்கிவிட்டார். தூக்கின பிறகு அதைத் தாங்கி நிறுத்துகிற கம்பியை எந்தக் கையால் எடுப்பது? கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தலையை உள்ளே கொடுத்து, பானெட்டை உச்சந்தலையில் தாங்கிக்கொண்டு, கையை விடுவித்துக் கம்பியைத் துழாவினார். கால் வேறு நடுங்கியது. பக்கத்து வீட்டு சார் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன். குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"விடுங்க சார்," என்றேன். "டிரைவர் செய்றாரு. நடுவுல போனா அவுருக்குக் கோவம் வரும்."

சார் சுவரோரம் நின்றுவிட்டார். கம்பி மாட்டியாயிற்று. தலையை வெளியே எடுத்தபோது நெற்றி விபூதியில் பாதி பானெட்டில் இருந்தது.

முன்னால் இருந்த மூன்று கிளிப்பும் சுலபமாகத் திறந்தன. நான்காவதற்கு அவர் மார்பால் மூடியை அழுத்திக்கொண்டு, கையைப் பின்பக்கம் வளைத்து இழுத்தார். இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை பட்டென்று திறந்துகொண்டது. சார் அந்தப் பக்கமிருந்து "சபாஷ்" என்றார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. மூடும்போதும் இப்படியே மூடிவிடுவாரோ?

பழைய ஃபில்டரை வெளியே எடுத்தார். மடிப்பு மடிப்பாக இருந்த தாளில் அடை அடையாகப் புழுதி. அதைத் தரையில் தட்டவில்லை. ஓரமாக, காற்று படாத இடமாகப் பார்த்து வைத்தார். பிறகு செய்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு சுத்தமான துணியை எடுத்து, இன்ஜினுக்குள் காற்றுப் போகிற குழாயின் வாயில் அடைத்தார். அதன் பிறகுதான் பெட்டியின் உள்பக்கத்தை இன்னொரு ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கிற தூசி இன்ஜினுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. கடைக்காரர் எனக்கு இதைச் சொல்லவில்லை. நான் செய்திருந்தால் அவ்வளவு மண்ணையும் இன்ஜினுக்கு ஊட்டியிருப்பேன். மூலை மூலையாக, ஒரு விரலைத் துணிக்குள் விட்டுத் துடைத்தார், குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி. ஒரு நிமிஷம் என் மனசு இளகிவிட்டது. இளகியது எனக்கே பிடிக்கவில்லை. மிச்ச டீயைக் குடித்தேன்.

குழாயிலிருந்த துணியை எடுத்தார். புது ஃபில்டரின் ரப்பர் ஓரத்தை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, மேல்பக்கம் கீழ்பக்கம் சரிபார்த்து உட்கார வைத்தார். மூடியை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்காவதில் நின்றார்.

உள்ளங்கையால் அழுத்தினார், மூடி உட்கார்ந்தது. கையைக் கிளிப்புக்குக் கொண்டுபோனார், மூடி எழுந்தது. முழங்கையால் அழுத்தினார். விரல் எட்டவில்லை. மார்பால் அழுத்தினார். திறக்கும்போது உதவிய மார்பு மூடும்போது உதவவில்லை, மூடி சாய்ந்து போயிற்று. கடைசியில் குனிந்து மோவாயை மூடியின்மேல் ஊன்றினார். கம்பி எகிறி அவர் மோவாயைக் கிழித்தது. ரத்தம் காக்கிச் சட்டையில் சொட்டியது. வெயில் ஏறிவிட்டது. தெருக்கோடியில் வெளியூர்க் கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையும் குழந்தையுமாகக் கோயிலை விசாரித்துக்கொண்டு போனது. சிலர் நின்று எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"ம்மா, நான் வேணா..." என்று சார் மறுபடி அசைந்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வழக்கமாக என்றால் அந்தப் பார்வையே போதும், நான் எழுந்து போயிருக்க வேண்டும். நான் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது.

"இன்னா? கேக்கல," என்றேன்.

"கை குடு."

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. காதுல வுழல."

வாயைக் கோணிக்கொண்டு, சாருக்கும் கேட்கிற மாதிரி, "கொஞ்சம்... கை குடு," என்றார்.

இருபத்து நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டவுடன் எழுந்து போய் ஒரு அழுத்து அழுத்திவிட்டு வந்திருந்தால், அதோடு எல்லாம் நேராகியிருக்கும். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தே சொன்னேன்.

"ஐயோ, நான் வூட்டுக்குத் தூரம். வண்டியில சாமி இருக்குதே, தொடலாமா?"

சார் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் சொன்னது பொய். எனக்கு அதெல்லாம் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. ஆனால் வண்டியை எடுத்த நாளிலிருந்து எல்லா நாளும் நான்தான் அந்த வண்டியைத் தொட்டு ஓட்டுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் நான் எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்பது அவருக்குப் புரியாமல் போக வழியே இல்லை. புரிந்தது. முகத்தில் இருந்த ரத்த ஓட்டம் நின்றுபோனது. மூடியிலிருந்து கையை எடுத்தார். பெட்டியைத் துடைத்த துணியை மடித்து பம்பர் மேல் வைத்தார். கீழே கிடந்த அட்டை டப்பாவைப் பொறுக்கிக்கொண்டு, காலை இழுத்தபடி என்னைத் தாண்டி உள்ளே போனார்.

நான் எழுந்து போய் இரண்டு கையாலும் நான்காவது கிளிப்பை மாட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. பானெட்டை இறக்கி, வண்டியைக் கிளப்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். வண்டி நன்றாக இழுத்தது. புகை இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. மத்தியானம் வடை சுட்டேன், பாயசம் வைத்தேன்.

அன்றிலிருந்து அவர் தண்ணி என்று சொல்வதும் நின்றது. சோறு, சட்ட, எதுவும் இல்லை. இரண்டு நாள் நாடகம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. பட்டன் வைத்த சட்டைகளை மடித்து வைத்துவிட்டு, தலைவழியாக மாட்டுகிற பனியன்களுக்கு மாறினார். செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். சாதத்தைத் தானே போட்டுக்கொண்டு, தட்டைச் சுவரோடு முட்டுக்கொடுத்து இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். சிந்தினதைத் தானே பொறுக்கினார். பக்கத்து வீட்டு சாரின் வீட்டம்மா என்னைக் கேட்டில் பிடித்து, "உங்க வூட்டுக்காரரு நல்லா தேறிட்டாருங்க, எல்லாம் உங்க கவனிப்புதான்," என்றார். நான் ஆமாம் என்றேன்.

எனக்குக் கையில் வேலை கம்மியாகிவிட்டது. சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்தால் சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நானாகவே போய், "நகம் வெட்டி வுடட்டா?" என்று கேட்டேன். இடது கையின் நகத்தை எந்தக் கையால் வெட்டுவார்?

"வேணா," என்றார். சுவரில் தேய்த்துத் தேய்த்து நகத்தைக் குறைத்துக்கொள்வதை அப்புறம் பார்த்தேன்.

போன மாதம் ஒரு காலை. அவர் குளிக்கப் போயிருந்தார், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் வாளி உருண்டது. அதன் பின்னால் கனமாக ஒரு சத்தம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவுக்கு முன்னால் போய் நின்றேன். திறக்கவில்லை. கூப்பிடட்டும் என்று நின்றேன். ஆமாம், அப்போதும். உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் மூச்சு விடுவது கேட்டது. என் நிழல் கதவின் அடியில் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் கூப்பிடவில்லை.

கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடுவதில்லை, அது மட்டும் டாக்டர் சொன்னபடி. செத்துப்போன கை அடியில் மாட்டிக்கொள்ள, கன்னம் ஈரத்தரையில் பட, ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. நான் குனிந்து கையை நீட்டினேன்.

"புடி."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்து எழப் பார்த்தார். வழுக்கி விழுந்தார். மறுபடி பிடித்தார், மறுபடி விழுந்தார். மோவாய் தரையில் இடித்தது. நான் நீட்டிய கையோடு நின்றேன். தண்ணீர் என் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது.

"என்னால தாங்க முடியல, கேளேன். ஒரே ஒரு தடவ கை குடுன்னு கேளேன்," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவரிடம் எதையும் கேட்டு அழுதது அதுதான் முதல் தடவை.

அவர் மூச்சை இழுத்து, முழங்காலை மடக்கி, சுவரோடு சாய்ந்து மெல்ல மெல்ல எழுந்தார். முழுசாக நின்ற பிறகு வாசலைப் பார்த்தார். வாசலில் நான் நின்றிருந்தேன்.

"நவுரு," என்றார்.

நகர்ந்தேன்.